வரப்பில் வைத்த நாற்று முடி

நடவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்ல எனக்குக் கூச்சம் இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் எங்கள் காலனித் தெருப் பெண்களை வேலைக்குக் கூட்டிப் போனது நான்தான். எந்த வயலுக்கு எத்தனை ஆள், யார் வரப்போரம் நிற்பது, யார் நடுவில் என்று நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நாங்கள் நட்ட வயலில் யாரும் கயிறு பிடித்து வரிசை பார்த்ததில்லை.

படிப்பு மட்டும் இல்லை. நாற்பது வயதுக்கு மேல், தெருவுக்கு வந்து சொல்லிக் கொடுத்த ஒரு டீச்சரம்மாவிடம் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டேன். கையெழுத்துப் போடுவேன். அச்சில் இருப்பதை மெதுவாக வாசிப்பேன். பேனாவால் எழுதியது என்றால் இன்னும் நேரமாகும். பக்கத்தில் நின்று யாராவது அவசரப்படுத்தினால் கூட்டியதெல்லாம் கலைந்துபோகும், திரும்ப முதலிலிருந்து வர வேண்டும்.

எங்கள் பக்கத்தில் நாற்றுப் பறிப்பது ஆண்கள், நடுவது பெண்கள். ஆண்களுக்குக் கூலி அதிகம். ஏன் என்று பண்ணையின் காரியக்காரரை ஒருமுறை கேட்டேன். "நடவு பொம்பளை வேலைதானே, அதுக்கு என்னா பெரிய கூலி" என்றார். நாள் முழுக்கக் குனிந்து நின்று நகம் அழுகிப் போகிற வேலைக்கு அதுதான் பதில். அதற்கு மேல் கேட்டால் மறுநாள் கூப்பிட மாட்டார்கள். கேட்கவில்லை.

பிறகு ஊர் மாறியது. பண்ணைக்காரர் பிள்ளைகள் வெளிநாட்டில் தங்கிவிட்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் போனார்கள், சில பேர் அரபு நாட்டுக்கு. என் தங்கை மகளின் புருஷனும் அப்படிப் போனவன்தான். தெருவில் நடவு தெரிந்த கைகள் குறைந்தன. ஆனாலும் இருபது பேர் இருந்தோம். பண்ணை நடவை முடித்துக் கொடுக்க அது போதும்.

ஒரு சம்பாவுக்குப் பண்ணை எங்களைக் கூப்பிடவில்லை. வடக்கிலிருந்து ஆண்களாக ஒரு கூட்டம் வந்து இறங்கியது. வங்காளத்துக்காரர்கள். ஊரில் எல்லோருக்கும் அவர்கள் 'இந்திக்காரன்'தான். விடிந்ததும் வயலில் இறங்குவார்கள், மத்தியானத்துக்குள் ஒரு வயல் பச்சையாகிவிடும். பொம்பளை வேலை என்று எங்களுக்கு அரையும் குறையுமாகக் கொடுத்த அதே காரியக்காரர், ஆண்கள் இறங்கி நட்டதும் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒப்பந்தம் பேசினார். வேலை ஒன்றுதான். குனிகிற முதுகு மட்டும் வேறு.

எனக்கு ஆத்திரம் இருந்தது. மறைக்க மாட்டேன். அவர்கள் மூடிக் கிடந்த ரைஸ்மில்லில் தங்கியிருந்தார்கள். கடைத்தெருவில் டீக்கடை பெஞ்சில் உட்காரவிட மாட்டார்கள், தூர நின்று குடித்துவிட்டுப் போக வேண்டும். குடியானத் தெருக் குழாயில் தண்ணீர் பிடிக்கவிட மாட்டார்கள். அந்தக் குழாயில் நாங்களும் பிடித்ததில்லை. அதனால் அவர்களில் ஒருவர் குடத்தோடு எங்கள் தெரு அடிபம்புக்கு வந்தார். அவரை "போ, போ" என்று விரட்டியது நான்தான். அவர் குடத்தைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு போனார். அன்று அது எனக்கு ஒரு வெற்றி மாதிரி இருந்தது.

என்னைவிட ஆத்திரப்பட்டவர் ஒருவர் இருந்தார். குடியானத் தெருக்காரர், இரண்டு டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வைத்திருந்தார். அதுவரை எங்களையும் சேர்த்துப் பண்ணைக்கு உள்ளூர் ஆட்களைப் பேசி அனுப்பியது அவர்தான். ஒவ்வொரு ஆளுக்கும் ஏதோ ஒரு பங்கு அவர் கைக்குப் போய்க்கொண்டிருந்தது, அது நின்றுபோனது. அவருக்கு என் மகன் வயது. அவர் என்னை "வா", "போ" என்பார்; நான் அவரை "வாங்க", "போங்க" என்பேன். பிறந்ததிலிருந்து அப்படித்தான், அதனால் நாக்கு தானாக அப்படி வரும்.

அந்த நாளில் நாங்கள் நட்டது பண்ணை நிலம் இல்லை, ஆற்றோரம் ஒரு சின்ன விவசாயியின் வயல். எங்கள் பக்கத்தில் நடவுக்காரிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. நடவு நடக்கும்போது வசதியானவரோ புது ஆளோ வரப்பில் வந்தால், ஒரு நாற்று முடியை, அதாவது கட்டிய நாற்றுக் கற்றையை, அவர் காலடியில் வைத்துக் குலவையிடுவோம். அவர் அதைத் தாண்டக் கூடாது. வெற்றிலை பாக்குக்கு ஏதாவது கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். பிள்ளையிலிருந்து கிழவன் வரை இங்கே எல்லோருக்கும் அது தெரியும்.

காலை பத்து மணி இருக்கும். வடக்கத்தியார் கூட்டத்தின் மேஸ்திரி வரப்பில் வந்தார். நாற்பது வயதுக்காரர், நரைத்த மீசை, பச்சைச் சட்டை. கடைக்குப் போகிறார் போல, கையில் ஒரு பை.

என் பக்கத்தில் நின்ற தங்கை மகளிடம், "அவன் காலடியில ஒரு முடிய வை" என்றேன்.

"வேண்டாம் பெரியம்மா. அவருக்கு என்னா தெரியும்."

"நம்ம வயித்துல அடிச்சவன்கிட்ட வெத்தலைக்காவது வாங்குவோம். வைடி."

வைத்தாள். நாங்கள் குலவையிட்டோம். மேஸ்திரி நின்றார். முடியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். நான் சேற்றுக் கையை நீட்டிக் காட்டினேன், கொடு என்று. அவர் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. பையை வரப்பில் வைத்தார். செருப்பைக் கழற்றினார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, அந்த முடியை எடுத்துப் பிரித்து, வயலில் இறங்கி என் தங்கை மகள் பக்கத்தில் நின்று நட ஆரம்பித்துவிட்டார்.

ஆள் பற்றாமல் கூப்பிடுகிறோம் என்று நினைத்துவிட்டார் மனுஷர்.

பெண்கள் நிற்கிற வரிசையில் ஆண் இறங்கி நடுவது எங்கள் பக்கத்தில் நடக்காத காரியம். நாலு பேர் சிரித்தார்கள், இரண்டு பேர் கரையேறிவிட்டார்கள். அவர் கையிலிருந்த நாற்று தீர்ந்ததும் என் தங்கை மகள் கையிலிருந்த முடியில் பாதியைச் சைகையில் கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் கொடுத்தாள். ஒரு வரிசை நட்டார். கோணல் இல்லை, நானே பார்த்தேன். பிறகு கையைக் கழுவிக்கொண்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் பையோடு போய்விட்டார்.

வாய்க்கால் மேட்டில் டிராக்டர்காரரின் டிரைவர் நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. அவன் கையில் போன் இருந்தது.

மத்தியானம் கஞ்சி குடிக்கும்போதே படம் ஊர் முழுக்கப் போய்விட்டது என்று சொன்னார்கள். நானும் பார்த்தேன். ஒரு நாற்று முடி, அதில் அவள் கையும் அவர் கையும். பார்க்கிறவர்கள் முடியைப் பார்க்கவில்லை, கைகளை மட்டும் பார்த்தார்கள். என் தங்கை அழுதுகொண்டே மகளை வீட்டுக்கு இழுத்துப் போனாள். எனக்கு டிராக்டர் கொட்டகையிலிருந்து ஆள் வந்தது.

அந்தக் கொட்டகை வாசலுக்கு வெளியே கூலிக்காக எத்தனையோ நாள் நின்றிருக்கிறேன். உள்ளே போனதில்லை. அன்று டிராக்டர்காரரே எழுந்து வந்தார்.

"வாங்க. உள்ளே வாங்க. உட்காருங்க."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். சுற்றி பத்துப் பதினைந்து பேர், அவர் தெருக்காரர்கள், நின்றுகொண்டிருந்தார்கள். நான் உட்கார்ந்தேன். 

"உங்க வீட்டுப் பொண்ணு எங்க வீட்டுப் பொண்ணு மாதிரிங்க. இத இப்படியே விட்டுட முடியுமா? ஸ்டேஷனுக்கு ஒரு மனு எழுதியிருக்கு. பார்த்த சாட்சின்னு நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். மீதிய நாங்க பாத்துக்கறோம்."

"என்னா பாத்துக்குவீங்க?"

"சாயங்காலத்துக்குள்ள அவனுங்கள்ல ஒருத்தன்கூட ஊர்ல இருக்க மாட்டான்."

பின்னால் நின்ற ஒருவர், "நடந்து போறானா, தூக்கிட்டுப் போறாங்களாங்கறதுதான் தெரியல" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மூலையில் கம்புகள் சாய்த்து வைத்திருந்தார்கள். புதிதாக வெட்டிய மூங்கில்.

"அவனுங்க போயிட்டா பண்ணை நடவு பூரா உங்களுக்குத்தான். நான் பேசித் தர்றேன்" என்றார் டிராக்டர்காரர்.

எனக்கு ஆசை வரவில்லை என்று சொன்னால் பொய். இருபது பெண்களுக்கு ஒரு மாத வேலை. பேனாவை என் கையில் வைத்துவிட்டார்கள்.

"எழுத்துக் கூட்டணும். கொஞ்சம் பொறுங்க" என்றேன்.

"நான் படிச்சிக் காட்டறனே."

"இல்லீங்க. நானே."

பொறுத்தார்கள். ஒரு பக்கம்தான் இருந்தது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டினேன். யாரோ இருமினார், யாரோ வண்டிச் சாவியை ஆட்டிக்கொண்டே இருந்தார். என் தங்கை மகளின் பெயர் வந்தது. வயலில் அத்துமீறி நுழைந்து என்று வந்தது. கையைப் பிடித்து இழுத்து என்று வந்தது. அந்த வரியை இரண்டு முறை கூட்டினேன், நான் தப்பாகக் கூட்டுகிறேனோ என்று. இல்லை. கடைசியில், இதை நான் நேரில் கண்டேன் என்று இருந்தது. அதற்குக் கீழே எனக்கான இடம்.

அந்த நேரத்தில் எனக்கு நினைவு வந்தது வேறு ஒன்று. நான் இளம் வயதில் இருந்தபோது, களத்து மேட்டில் எங்கள் கூட்டத்துப் பெண் ஒருத்தியின் கையை நிஜமாகவே பிடித்து இழுத்த ஒருவன் இருந்தான். இதே குடியானத் தெருக்காரன். நாங்கள் பத்துப் பேர் இந்தத் தெருப் பெரியவர்களிடம் வந்து சொன்னோம். "பேசாமப் போங்க, உங்க பொண்ணு பேருதான் கெடும்" என்று அனுப்பினார்கள். அன்று யாரும் மனு எழுதவில்லை. யாரும் நாற்காலி போடவில்லை.

"இதுல நான் முடி வெச்சது இல்லியே" என்றேன்.

"எது?"

"வழியில நாத்து முடி வெச்சது நான். வைக்கச் சொன்னது நான். கை நீட்டிக் கேட்டது நான். அவன் நடக் கூப்புடறாங்கன்னு நெனச்சு எறங்கிட்டான். அது எழுதலியே."

"அதெல்லாம் எதுக்குங்க எழுதணும்?"

"அதுதானே நடந்துச்சு."

 டிராக்டர்காரர் குனிந்து என் முகத்துக்கு நேராக வந்தார்.

"அப்ப அந்த இந்திக்காரன் யோக்கியன், நாங்க பொய்யனா?"

"நான் அப்படிச் சொல்லல. கையப் புடிச்சி இழுத்தத நான் பாக்கல. பாத்தேன்னு போட மாட்டேன்."

அவர் காகிதத்தை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"எழுந்திரு" என்றார். "மொதல்ல நாற்காலிய விட்டு எழுந்திரு."

எழுந்தேன். என் பின்னால், "கையெழுத்து இல்லாட்டி என்னா, படம் இருக்கு. வாங்கடா" என்று யாரோ சொன்னது கேட்டது. மோட்டார் சைக்கிள்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. கம்புகளையும் எடுத்துக்கொண்டார்கள்.

ரைஸ்மில்லுக்கு ரோடு வழியாகப் போனால் கடைத்தெருவைச் சுற்ற வேண்டும். எங்கள் தெருவைத் தாண்டி வாய்க்கால் கரையைப் பிடித்தால் நடந்தே முந்திவிடலாம். கடைத்தெருவில் அவர்கள் ஆள் சேர்க்க நிற்பார்கள் என்று ஒரு கணக்கு. முழங்கால் வலிக்க நடந்தேன். தெருவில் என் கூட்டத்துப் பெண்கள் கூடி நின்றார்கள்.

"அக்கா, கையெழுத்துப் போட்டியா?" என்று தங்கை ஓடி வந்தாள்.

"இல்ல."

"எம் பொண்ணு பேரு நாறட்டும்னு விட்டுட்டியா?"

இன்னொருத்தி, என்னோடு இருபது வருஷம் பக்கத்தில் நின்று நட்டவள், "நாளைக்கு வேலை யாரு தருவா, அந்த இந்திக்காரனா? ஒரு கையெழுத்துல உனக்கு என்னா தேஞ்சிடும்?" என்றாள்.

நின்று பதில் சொல்ல நேரமில்லை. நடந்தேன். கொஞ்ச தூரம் போனபிறகு பின்னால் காலடி கேட்டது. என் தங்கை மகள். தலை வாராமல், சேற்றுப் புடவையோடு அப்படியே வந்துகொண்டிருந்தாள். அவளை நான் போ என்றும் சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை.

மில் வாசலுக்கு நாங்கள் போனபோது உள்ளே பெரிய பானையில் சோறு வெந்துகொண்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் அவர்கள் எழுந்தார்கள். என்ன சொல்லி எச்சரிப்பது என்று எனக்குத் தெரியவில்லை. "உள்ள போங்க, கதவச் சாத்துங்க" என்று கையை ஆட்டினேன். அடிபம்பில் விரட்டியபோது ஆட்டிய அதே கைதான். அவர்களுக்கு என்ன புரிந்ததோ. அதற்குள் வண்டிச் சத்தம் வந்துவிட்டது. அவர்களுக்கு அது புரிந்தது. இரும்புக் கதவைச் சாத்தினார்கள். மேஸ்திரி மட்டும் வெளியே நின்றுவிட்டார்.

நாற்பது பேருக்குக் குறையாது. வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார்கள். மேஸ்திரி கையைக் கூப்பினார். என்னைக் காட்டி, "அம்மா... வேலை... அம்மா" என்றார். அவருக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். குனிந்து நடுவது மாதிரிச் செய்து காட்டினார். ஒருவன் அவர் சட்டையைப் பிடித்தான்.

நான் நடுவில் போய் நின்றேன்.

"விடுங்க. முடி வெச்சு மறிச்சது நான். வெத்தலக் காசு கேட்டேன். அவனுக்கு நம்ம வழக்கம் தெரியல. குத்தம்னா என்மேல போடுங்க."

"என்னா கெழவி, இந்திக்காரன் உனக்கு மாப்பிள்ளையா?"

"நகரு. மேல பட்டா நாங்க பொறுப்பில்ல."

கம்பு ஒன்று என் தோளில் இடித்தது. அடி இல்லை, தள்ளல். அந்தக் காலத்தில் என்றால் விழுந்திருக்க மாட்டேன்; அன்று ஒரு கையை ஊன்ற வேண்டியிருந்தது. அப்போதுதான் என் தங்கை மகள் பேசினாள். அவள் குரல் அவ்வளவு பெரிதாக நான் கேட்டதில்லை.

"என் பேரச் சொல்லித்தானே வந்திருக்கீங்க. என்னை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள்.

"என் கையை யாரும் புடிக்கல. முடியில பாதி கேட்டாரு, குடுத்தேன். ஸ்டேஷன்லயும் இதத்தான் சொல்லுவேன்."

"புருஷன் ஊர்ல இல்லாதவ பேசற பேச்சப் பாரு" என்றான் ஒருவன்.

"புருஷன்கிட்ட நான் பேசிக்கறேன். நீ சட்டைய விடு."

கேட்டீர்களா என்று அவள் கேட்டது அவர்களைத்தான். ஆனால் காலையிலிருந்து நானும் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. முடியை வைக்கச் சொன்னபோது அவள் வேண்டாம் என்றாள்; அதையும் நான் கேட்கவில்லை. அவ்வளவு பேருக்கு நடுவில் நின்றுகொண்டு அது எனக்கு உறைத்தது.

யாரோ ஒரு கல்லை விட்டெறிந்தான். அது மில்லின் தகரத்தில் பட்டுப் பெரிய சத்தமாக விழுந்தது. உள்ளேயிருந்து வங்காளத்தில் கூப்பாடு. எல்லாம் அத்தோடு முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கூட்டத்தில் வயதான ஒருவர், கோர்ட்டு வழக்கு பார்த்தவர், "பொண்ணே இல்லைங்கறா. நாளைக்கு நம்ம பசங்கதான் உள்ள போவணும். வாங்கடா" என்றார். நியாயம் பார்த்து அவர் சொல்லவில்லை. ஆனாலும் சட்டையைப் பிடித்த கை விட்டது. மேஸ்திரியின் பித்தான் இரண்டு தெறித்திருந்தது. அவர் அதைத் தேடாமல், கூப்பிய கையைப் பிரிக்காமல் நின்றார்.

டிராக்டர்காரர் கடைசியாகக் கிளம்பினார். வண்டியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இந்த ஊர்ல இனிமே உன் கூட்டத்துக்கு ஒரு குழி நெலத்துலகூட வேலை கெடையாது. போ."

சொன்னபடி செய்தார். ஆற்றோரத்துச் சின்ன விவசாயிகூட மறுநாள் எங்களைக் கூப்பிடவில்லை. வடக்கத்தியார் மிச்ச நடவை எட்டு நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் தெரு வழியாகப் போகவில்லை.

மில் வாசலில் கூட்டம் கலைந்த அன்று சாயங்காலமே அரபு நாட்டிலிருந்து போன் வந்தது. என் தங்கை மகள் எடுத்து இரண்டு வார்த்தை பேசிவிட்டு என்னிடம் கொடுத்தாள். நான் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் புருஷன் என்னை நிறுத்தினான்.

"படம் எனக்கும் வந்துச்சு அத்தை. எவனோ அனுப்புனான். முடியத்தான் ரெண்டு பேரும் புடிச்சிருக்காங்க. எனக்குக் கண்ணு இருக்கு."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"அந்த ஆள அடிச்சுட்டாங்களா?" என்று கேட்டான்.

"இல்லப்பா. அடிக்கல."

"சரி. வெச்சிடறேன், ஷிப்ட்டுக்கு நேரமாச்சு" என்றான்.

என்னோடு இருபது வருஷம் பக்கத்தில் நின்றவள் அதன்பிறகு என்னிடம் பேசவில்லை. தங்கை பேச ஒரு வருஷம் ஆனது. பதினோரு பேர் என்னோடு இருந்தார்கள். ஒரு லோடு ஆட்டோ பேசி, ஆற்றுக்கு அந்தப் பக்கம், எங்களை யாரும் அறியாத ஊர்களுக்கு நடவுக்குப் போனோம். போட்ட கூலிக்கு நட்டோம்; பேரம் பேச அங்கே எனக்குப் பெயர் இல்லை.

முதல் நாள் வயலில் இறங்கும்போது அந்த ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் வரப்பில் வந்து நின்றார்கள். எங்களைப் போலவே கால் வெடித்தவர்கள், அதுவரை அந்த வயலை நட்ட நடவுக்காரிகள். அதில் வயதானவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க? ஏன், உங்க ஊர்ல வேலை இல்லியா?"

ஊர்ப் பெயரைச் சொன்னேன். அடுத்த கேள்விக்குப் பதில் சொல்லாமல் குனிந்து முடியைப் பிரித்தேன். அவர்கள் வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றார்கள்.